வளர்ச்சியைக் கேட்டால் எண்ணெய் ஏன் பூஜ்யம்? எண்ணெய் சேர்க்கும் பூஞ்சைகளின் கணினி மாதிரிகள் பற்றி ஒரு விரிவான பதில்

உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்கும் நீங்கள் கேட்டிருப்பது இது. கல்லூரியில் நொதிப்புக்கலன் வசதி இல்லாததால், எண்ணெய் சேர்க்கும் யாரோவியா லிப்போலிட்டிக்கா என்ற ஈஸ்ட்டின் வளர்சிதை மாற்ற மாதிரி ஒன்றை இறக்கிக் கோப்ராபை மென்பொருளில் ஓட்டியிருக்கிறீர்கள். வளர்ச்சி வேகம் நம்பும்படியாக வருகிறது. சேமிப்பு எண்ணெய் உண்டாகும் வினையின் பாய்வு (அந்த வினை ஓடும் வேகம்) மட்டும் பூஜ்யம் என்று காட்டுகிறது. மாதிரி பழுதா, உங்கள் கையில் தவறா, ஆய்வகமே இல்லாமல் 'எந்த மரபணுவை நீக்கினால் எண்ணெய் கூடும்' என்று கணினியிலேயே கண்டுபிடித்துவிட முடியுமா என்று கேட்கிறீர்கள். பார்வைக்கு இது நிரல் எழுதுவதில் எழுந்த ஐயம் போல் இருந்தாலும், இத்தகைய மாதிரி ஒரு செல்லைப் பற்றி எதை அடித்துச் சொல்லலாம், எதைச் சொல்ல அதற்கு வழியே இல்லை என்பதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் ஐயத்துக்கு விடை எளிது: பூஜ்யம் பிழையன்று, நீங்கள் கணினியிடம் கேட்ட கேள்விக்கு அதுவே சரியான விடை. இரண்டாவதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக இந்த மாதிரிகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், உறுதியாகத் தெரிந்ததையும் ஐயத்துக்கு உரியதையும் பிரித்தே எழுதுகிறேன்.

உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பைச் சேர்க்கக்கூடிய நுண்ணுயிர்களையே எண்ணெய் சேர்ப்பவை என்று இத்துறையில் குறிப்பிடுவது வழக்கம். யாரோவியா, ரோடோடொருலா டொருலாய்டிஸ் போன்ற ஈஸ்ட்டுகளும், மார்ட்டியெரெல்லா ஆல்பைனா, மியூகார் சர்சினெல்லாய்டிஸ் போன்ற இழைப்பூஞ்சைகளும் இந்த வகையில் அடங்கும். மார்ட்டியெரெல்லா தன் எடையில் பாதிவரை எண்ணெய் சேர்க்கக்கூடியது. குழந்தைகளுக்கான பால்மாவில் சேர்க்கும் அராக்கிடோனிக் அமிலம் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. மியூகாரின் எண்ணெய், காமா லினோலெனிக் அமிலத்துக்காக 1985-இல் இங்கிலாந்தின் செல்பி நகரில் வணிக அளவில் உற்பத்தியாகி, மலிவான செடியெண்ணெயோடு போட்டியிட முடியாமல் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. இந்தத் துறையில் சர்க்கரையின் விலையும் கிராமுக்கு எத்தனை கிராம் எண்ணெய் என்ற விகிதமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்பதை அந்த வரலாறு காட்டிவிட்டது. கணினி மாதிரியின் மேல் இவ்வளவு ஆர்வம் பிறந்ததற்கும் அந்த விகிதமே காரணம்.

இந்த உயிரிகள் எண்ணெய் சேர்ப்பது எப்போது என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். நைட்ரஜன் தீர்ந்து, சர்க்கரை மட்டும் மீந்திருக்கும்போதுதான் சேர்க்கின்றன. நைட்ரஜன் இல்லாமல் புரதமும் நியூக்ளிக் அமிலமும் உண்டாகா, செல் பிரியாது. ஆனால் சர்க்கரை உள்ளே வந்துகொண்டே இருக்கும். அந்நிலையில் ஏஎம்பி டீஅமினேஸ் என்ற நொதி, ஏஎம்பியிலுள்ள (செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவான பின் மிஞ்சும் மூலக்கூறு) அமினோ பகுதியைக்கூடப் பிய்த்தெடுத்து அம்மோனியாவாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஐசோசிட்ரேட் டீஹைட்ரஜனேஸ் வேலை செய்ய ஏஎம்பி தேவை என்பதால், ஏஎம்பி குறைந்ததும் சிட்ரிக் அமிலச் சுழற்சி அந்த இடத்தில் அடைபடுகிறது. சிட்ரேட் தேங்கி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலுக்கு வருகிறது. அங்கே ஏடிபி சிட்ரேட் லையேஸ் அதைப் பிளந்து அசிட்டைல் கோஏ தருகிறது. கொழுப்பமிலத்தின் செங்கல் அதுதான். ரொட்டிக்கும் பீருக்கும் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியேயில் இந்த லையேஸ் நொதி கிடையாது. அது எண்ணெய் சேர்ப்பவற்றின் பட்டியலில் இல்லாமல் போனதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது முக்கியமானது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் காலின் ராட்லெட்ஜும் அவரது குழுவினரும் 1970-களின் இறுதியிலிருந்து கட்டியெழுப்பிய இந்தச் சித்திரத்தின் பெரும்பகுதி இன்றும் நிலைத்து நிற்கிறது. ஒரு பகுதி மட்டும் ஆட்டம் கண்டிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது மாதிரிக்கு வருவோம். நீங்கள் இறக்கிய கோப்பில் இருப்பது ஒரு பேரேடு. செல்லுக்குள் நடக்கக்கூடிய வினைகள் எல்லாம், எந்தப் பொருள் எத்தனை மூலக்கூறு செலவாகி எந்தப் பொருள் எத்தனை வரவாகிறது என்று, வரிவரியாக அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த மரபணு எந்த வினைக்குப் பொறுப்பு என்ற குறிப்பும் பக்கத்தில் இருக்கிறது. மாதிரிகளின் பெயரில் உள்ள எண் அநேகமாக மரபணுக்களின் எண்ணிக்கையே: யாரோவியாவுக்கு 2012-இல் வந்த ஐஎன்எல்895, மார்ட்டியெரெல்லாவுக்கு 2015-இல் வந்த ஐசிஒய்1106, மியூகாருக்கு 2016-இல் வந்த ஐடபிள்யூவி1213 ஆகியவை அப்படிப் பெயர் பெற்றவை. பேரேட்டில் நொதியின் வேகமோ, அதன் அளவோ, எது எதை முடுக்குகிறது அல்லது தடுக்கிறது என்ற செய்தியோ இல்லை. இருப்பதெல்லாம், செல்லுக்குள் எந்த இடைப்பொருளும் குவியாது, வந்தது எல்லாம் எங்காவது போயாக வேண்டும் என்ற ஒரே விதி. அந்த விதியோடு சர்க்கரை, ஆக்சிஜன், அம்மோனியம் ஆகியவற்றின் வரத்து வரம்புகளைச் சேர்த்தால், தெரியாத பாய்வுகள் ஆயிரக்கணக்கிலும் சமன்பாடுகள் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். விடை ஒன்றல்ல, எண்ணற்றவை. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க, மேல்நிலைப் பள்ளி வணிகக் கணிதத்தில் வருகிற அதே நேரியல் திட்டமிடல் கணக்கைப் போடுகிறோம்: ஒரு குறிக்கோள் சார்பை வைத்து அதைப் பெருமமாக்கு என்கிறோம். பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு என்று பெரிய பெயர் சூட்டியிருப்பது இதற்குத்தான். 1999-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்ற பாக்டீரியாவுக்கு முதல் மரபணுத்தொகுதி அளவிலான மாதிரி வந்தது; 2003-இல் சாக்கரோமைசிஸுக்கு வந்தது. பூஞ்சை மாதிரிகள் பலவற்றுக்கு அந்த ஈஸ்ட் மாதிரியே மூலப்படி.

கோப்பை இறக்கியவுடன் குறிக்கோள் சார்பாக அமைந்திருப்பது உயிர்நிறை வினை, அதாவது வளர்ச்சி. வளர்ச்சியைப் பெருமமாக்கு என்று சொன்ன பிறகு சேமிப்பு எண்ணெய்க்குப் போகும் ஒவ்வொரு கார்பனும் வளர்ச்சிக்கு நட்டம். கணக்கு அதை ஒருக்காலும் அனுமதிக்காது, ஆகவே பூஜ்யம். சவ்வுக்குத் தேவையான கொழுப்பு உயிர்நிறை வினைக்குள்ளேயே நிலையான விகிதத்தில் எழுதப்பட்டிருப்பதால், அந்த அளவு மட்டும் சத்தமில்லாமல் உண்டாகிக்கொண்டிருக்கும். உண்மையான செல்லிலோ இந்த விகிதம் நிலையானதே அன்று. நைட்ரஜன் இருக்கும்போது பத்துச் சதவீதத்துக்குள் இருக்கும் கொழுப்பு, நைட்ரஜன் தீர்ந்ததும் நாற்பது ஐம்பதுக்குப் போகிறது. ஒரே உயிர்நிறை வினையை வைத்துக்கொண்டு இந்த இரண்டு நிலைகளையும் சொல்ல முடியாது என்பது, சாக்கரோமைசிஸுக்காக வார்த்த அச்சை இந்தப் பூஞ்சைகளுக்குப் பயன்படுத்தியபோது தொடக்கத்தில் பலரும் கவனிக்கத் தவறிய ஒன்று.

சரி, அம்மோனியத்தின் வரத்தைக் குறைத்தால் எண்ணெய் வந்துவிடுமா என்றால், அதுவும் தானாக வராது. கோப்ராபையில் குளுக்கோஸ் வரத்துக்கு மைனஸ் 10 என்று வரம்பு வைத்தால் அது 'பத்து வரை எடுக்கலாம்' என்று பொருள்படுமே தவிர, 'பத்தையும் எடுத்தாக வேண்டும்' என்று ஆகாது. நைட்ரஜன் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்திய பிறகு, மாதிரிக்கு மிச்சச் சர்க்கரையை உண்ணவேண்டிய கட்டாயமே இல்லை. அளந்த வேகத்தில் சர்க்கரையை உண்டே தீர வேண்டும் என்று மேல்வரம்பையும் கட்டினால், மிச்சக் கார்பன் எங்கு போனாலும் வளர்ச்சிக்கு ஒன்றுதான்: கரியமில வாயுவாகப் போகலாம், சிட்ரேட்டாக வெளியேறலாம், எண்ணெயாகலாம். தீர்ப்பான் (இந்தக் கணக்கைப் போட்டு விடை தரும் நிரல்) இவற்றுள் ஏதோ ஒரு மூலையைப் பிடித்துத் தரும்; வேறொரு தீர்ப்பான் வேறொன்றைத் தரும். அந்த எண்ணை மாதிரியின் கணிப்பு என்று எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே பரவலானது. ஒவ்வொரு வினைக்கும் பாய்வு எதிலிருந்து எதுவரை இருக்க முடியும் என்ற வீச்சைப் பார்க்காமல் எந்த ஒற்றை எண்ணையும் நம்பாதீர்கள்; மென்பொருளில் அதற்கு ஒரே வரிக் கட்டளை இருக்கிறது. நான் பின்பற்றும் வழி, காலத்தை இரண்டாகப் பிரிப்பது. முதல் கட்டத்தில் வளர்ச்சியே குறிக்கோள். இரண்டாம் கட்டத்தில் வளர்ச்சியைப் பூஜ்யமாகக் கட்டிவிட்டு, உயிர் தாங்கும் ஏடிபி செலவை வைத்து, அளந்த சர்க்கரை வரத்தைக் கொடுத்து, எண்ணெயைப் பெருமமாக்குவது. இதில் கிடைப்பது செல் செய்யும் எண்ணெயின் அளவன்று, செய்யக்கூடியதன் உச்சவரம்பு. இந்த வேறுபாட்டை மறந்தால் மீதியெல்லாம் வீண்.

உச்சவரம்பு என்றால் என்ன என்பதைக் கணினி இல்லாமல் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். மாணவர்களிடம் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். மூன்று பால்மிட்டிக் அமிலமும் ஒரு கிளிசராலும் சேர்ந்த டிரைபால்மிட்டின் என்ற எண்ணெய் மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பால்மிட்டிக் அமிலத்துக்கு 8 அசிட்டைல் கோஏ, 7 ஏடிபி, 14 என்ஏடிபிஎச் (கொழுப்பைக் கட்ட எலக்ட்ரான் தரும் துணைமூலக்கூறு) வேண்டும். மூன்றுக்கு 24 அசிட்டைல் கோஏ, 42 என்ஏடிபிஎச். ஒரு குளுக்கோஸ் இரண்டு அசிட்டைல் கோஏ தரும் என்பதால் 12 குளுக்கோஸ். கிளிசரால் முதுகெலும்புக்கு அரை குளுக்கோஸ். மீதியெல்லாம் 42 என்ஏடிபிஎச் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. பென்டோஸ் பாஸ்பேட் வழியில் முழுச் சுற்றாக எரித்தால் ஒரு குளுக்கோஸ் 12 என்ஏடிபிஎச் தரும். ஆக மூன்றரை குளுக்கோஸ். கூட்டினால் 16 குளுக்கோஸ், அதாவது 2,880 கிராம் சர்க்கரைக்கு 807 கிராம் எண்ணெய்: கிராமுக்கு 0.28. இனி மாலிக் நொதி வழியைப் பாருங்கள். சிட்ரேட் பிளந்து அசிட்டைல் கோஏ வரும் ஒவ்வொரு முறையும் ஆக்சலோஅசிட்டேட் ஒன்று மிஞ்சுகிறது. அது மாலேட்டாகி, மாலிக் நொதியால் பைருவேட்டாகும்போது ஒரு என்ஏடிபிஎச் கிடைக்கிறது. கிளைக்காலிசிஸில் (சர்க்கரையைப் பைருவேட்டாக உடைக்கும் வழி) கிடைத்த, அந்த வேலைக்கு நேராக உதவாத என்ஏடிஎச்சை, ஓர் ஏடிபி செலவில், என்ஏடிபிஎச்சாக மாற்றிக்கொள்ளும் தந்திரம் இது. அப்படி 24 கிடைத்தால் மீதி 18-க்கு ஒன்றரை குளுக்கோஸ் போதும். கூட்டினால் 14 குளுக்கோஸ், 2,520 கிராமுக்கு அதே 807 கிராம்: கிராமுக்கு 0.32. ஏடிபி வரவு செலவு இரண்டு வழியிலும் கட்டுப்படியாகிவிடுகிறது. நூல்களில் எண்ணெய் விளைச்சலின் கோட்பாட்டு உச்சமாக 0.32 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். இயற்கையான வகைகள் நடைமுறையில் 0.22-ஐத் தாண்டுவது அரிது என்பதையும் படித்திருப்பீர்கள்.

இந்தத் தாள்கணக்கில் ஐயத்துக்கே இடமில்லை. அணுக்களின் கணக்கு அது, கிராமுக்கு 0.40 கிராம் எண்ணெய் தருகிறேன் என்று யாராவது சொன்னால், சோதனையே செய்யாமல் மறுத்துவிடலாம். மாதிரியின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது: எது நடக்காது என்பதை அது உறுதியாகச் சொல்லும். ஆனால் 16 குளுக்கோஸ் செலவாகும் வழியா, 14 செலவாகும் வழியா, செல் எதில் போகிறது என்று கேட்டால் பேரேட்டுக்குத் தெரியாது. எண்ணெயைப் பெருமமாக்கு என்றால் அது எப்போதும் மலிவான வழியையே எடுக்கும். மாலிக் நொதியின் வரியில் இணைக்காரணி (நொதி துணைக்கு எடுத்துக்கொள்ளும் மூலக்கூறு) என்ஏடிபி என்று எழுதியிருந்தால் 0.32-ஐ நோக்கிப் போகும். என்ஏடி என்று எழுதியிருந்தால் 0.28-இல் நிற்கும். ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு வரியில் ஓர் எழுத்து.

செல் எந்த வழியில் போகிறது என்பதே இத்துறையின் நீண்ட வழக்கு. சித்திரத்தில் ஆட்டம் கண்ட பகுதி என்று முன்பு சொன்னதும் இதைத்தான். மாலிக் நொதிதான் எண்ணெயின் மடை என்று ஹல் குழுவினர் மியூகாரை வைத்து வாதிட்டார்கள். 2007-இல் அந்த நொதியை மியூகாரில் மிகுவித்தபோது (அதன் மரபணுவைக் கூடுதலாக இயக்கியபோது) எண்ணெய் இரண்டரை மடங்கு ஆனது என்ற முடிவு வெளியானது. அதன் பிறகு பலர் தத்தம் பூஞ்சையில் மாலிக் நொதியைத் திணித்துப் பார்த்தார்கள். 2013-இல் மியூகாரிலேயே செய்த இன்னோர் ஆய்வு, லியூசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாத குறையுள்ள வகைகளில் அந்தக் குறையே எண்ணெயைப் பாதிக்கிறது என்றும், குறையில்லாத வகையில் மாலிக் நொதியைக் கூட்டினால் எண்ணெய் கூடவில்லை என்றும் காட்டியது. யாரோவியாவின் கதை இன்னும் தெளிவானது. அதன் மாலிக் நொதி பெரும்பாலும் என்ஏடியையே நாடுவது. 2015-இல் எம்ஐடியில் கிரெகரி ஸ்டெஃபனோபூலஸின் குழு, கார்பன் 13 என்ற சற்றுக் கனமான கார்பனால் அடையாளமிட்ட குளுக்கோஸை ஊட்டி, அந்த அடையாளம் எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று அளந்தது. எண்ணெய் மிகுந்த வகையில் பென்டோஸ் பாஸ்பேட் வழியின் பாய்வு ஏறக்குறைய இரட்டித்திருந்தது. மாலிக் நொதியின் பாய்வில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே யாரோவியாவைப் பொறுத்தவரை, குளுக்கோஸில் வளரும்போது, என்ஏடிபிஎச் பென்டோஸ் வழியில் வருகிறது என்பதை உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்கிறேன். மியூகாருக்கும் மார்ட்டியெரெல்லாவுக்கும் அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். அதே குழு 2017-இல், என்ஏடிஎச்சை என்ஏடிபிஎச்சாக மாற்றும் வழிகளை வேறு உயிரிகளிலிருந்து யாரோவியாவுக்குள் கொண்டுவந்து, கிராமுக்கு 0.27 என்ற விளைச்சலையும் லிட்டருக்கு ஏறக்குறைய 99 கிராம் எண்ணெயையும் எட்டியது. மேலே போட்ட தாள்கணக்கு அங்கே வெறும் பாடப்பயிற்சியாக நிற்காமல், எந்த மடையைத் திறக்க வேண்டும் என்று கைகாட்டியது என்பதைக் கவனியுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மாதிரியிலும் அது ஒளிந்திருக்கக்கூடும். தொடக்க காலத்தில் நான் கட்டிய ஒரு பூஞ்சை மாதிரி கிராமுக்கு 0.35 கிராம் எண்ணெய் என்று காட்டியது. 0.32-இலிருந்து அதிகத் தொலைவு இல்லை என்பதால் ஐயம் எழவில்லை. புதிய வழியொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மூன்று வாரம் மகிழ்ந்திருந்தேன். பாய்வுகளை வரிவரியாகப் பார்த்தபோது பிடிபட்டது. குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ் இரண்டு வகை: ஒன்று என்ஏடிபிஎச்சைச் செலவிட்டுக் குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தைக் கட்டும், மற்றது குளூட்டமேட்டைச் சிதைத்து என்ஏடிஎச் தரும். தானியங்கி முறையில் வந்த என் கோப்பில் இரண்டும் இருதிசையிலும் ஓடலாம் என்று இருந்தது. கணக்கு இரண்டையும் தலைகீழாக ஓட்டி, காசு செலவில்லாமல் என்ஏடிஎச்சை என்ஏடிபிஎச்சாக மாற்றிக்கொண்டிருந்தது. அதுவும் நைட்ரஜனே இல்லாத செல்லில்! ஓர் அம்புக்குறியைத் திருத்தியவுடன் அந்த 'கண்டுபிடிப்பு' மறைந்தது. எந்த மாதிரியை எடுத்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எல்லா வரத்தையும் மூடிவிட்டு ஏடிபியைச் செலவிடும் வினையைப் பெருமமாக்குங்கள். பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் பேரேட்டில் கள்ளக்கணக்கு இருக்கிறது. அந்தச் சோதனையில் தேறிய மாதிரியிலும் நான் சொன்ன என்ஏடிபிஎச் சுழல் ஒளிந்திருக்க முடியும் என்பதால், அதைத் தனியே தேட வேண்டும். மரபணுத்தொகுதி மாதிரி கட்டும் செய்முறை என்று 2010-இல் வெளியான விரிவான வழிகாட்டியில் 96 படிகள் இருப்பதைப் பார்த்துச் சிலர் நகைப்பார்கள். ஒரு தடவை கட்டியவர் நகைக்க மாட்டார்.

எந்த மரபணுவை நீக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு இனி வரலாம். வளர்ச்சிக்கு இன்றியமையாத மரபணு எது என்று சொல்வதில் இம்மாதிரிகள் ஓரளவு நம்பத்தக்கவை. வழி ஒன்றுதான் இருக்கிறது, அதை வெட்டினால் செல் சாகும் என்பது பேரேட்டிலேயே தெரியும். எண்ணெயைக் கூட்டும் நீக்கங்களில் நிலைமை வேறு. யாரோவியாவில் எண்ணெயைப் பெருக்கிய புகழ்பெற்ற நீக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெராக்சிசோமில் கொழுப்பமிலத்தைச் சிதைக்கும் பீட்டா ஆக்சிஜனேற்றத்தின் முதல் படிக்கு அதில் பாக்ஸ்1 முதல் பாக்ஸ்6 வரை ஆறு மரபணுக்கள் இருக்கின்றன. 2008-இல் பிரான்ஸில் செய்த ஆய்வில் ஜியுடி2 என்ற மரபணுவை நீக்கியபோது எண்ணெய் கூடியது. அதோடு இந்த ஆறையும் நீக்கியபோது இன்னும் கூடியது. இதை மாதிரியில் செய்து பாருங்கள். பாக்ஸ் மரபணுக்களை நீக்கினால் எண்ணெயின் உச்சவரம்பு ஒரு துளியும் நகராது. காரணம் எளிது: எண்ணெயைக் கட்டிக்கொண்டே அதை எரிக்கும் முட்டாள்தனத்தை உச்சத்தை நாடும் கணக்கு ஒருபோதும் செய்யாது, செய்யாத செலவை நிறுத்தினால் மிச்சம் எங்கிருந்து வரும்? உண்மைச் செல் அந்த வீண்செலவைச் செய்கிறது. அதுபோல, அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸையும் எண்ணெயின் கடைசிக் கண்ணியான டிஜிஏ1 நொதியையும் சேர்த்து மிகுவித்து 2013-இல் எம்ஐடியில் உலர் எடையின் 62 சதவீதம்வரை எண்ணெய் எடுத்தார்கள். நொதியின் அளவே எழுதப்படாத பேரேட்டில் 'மிகுவித்தல்' என்ற சொல்லுக்கே நேரான பொருள் இல்லை.

கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்பதுகூட நாம் எதிர்பார்த்த இடத்தில் இல்லாமல் போகலாம். 2016-இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழு, யாரோவியாவின் திருத்திய மாதிரியையும் மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, நைட்ரஜன் குறைந்த நிலையில் கொழுப்பு வழியின் மரபணுக்களில் பெரிய அசைவு தென்படவில்லை. அமினோ அமில ஆக்கம், அதிலும் லியூசின் வழி, அடங்குவதே தெரிந்தது. மியூகார் வழக்கிலும் லியூசின்தான் குறுக்கே வந்தது என்பதை முன்பே பார்த்தோம். இரண்டுக்கும் ஒரே காரணமா என்பதை இப்போதைக்கு ஊகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்றாலும், எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

மாதிரி கைகொடுத்த இடங்களும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரக் குழு 2015-இல் யாரோவியாவுக்கு ஐஎம்கே735 என்ற மாதிரியைக் கட்டி, காலத்தோடு மாறும் வகையில் அதை ஓட்டி, எண்ணெய்க் கட்டத்தில் சர்க்கரை எந்த வேகத்தில் போனால் சிட்ரேட்டாக வீணாகாமல் எண்ணெயாகும் என்றும், ஆக்சிஜன் வரத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்றும் கணித்தது. பிறகு நொதிப்புக்கலனில் செய்து பார்த்தார்கள், எண்ணெய் கூடியது. இங்கே மாதிரி ஏன் வென்றது என்று யோசித்தால், கேட்ட கேள்வி அதன் இயல்புக்கு ஒத்தது என்பது தெரியும். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்பது வரவு செலவுக் கேள்வி. நொதியின் வேகத்தையும் அளவையும் சேர்த்துக்கொள்ளும் விரிவாக்கங்கள் 2017-க்குப் பிறகு பரவலாகியிருக்கின்றன. ஆனால் இந்தப் பூஞ்சைகளின் சொந்த நொதிகளுக்கு அளந்த வேக எண்கள் குறைவு என்பதால், பெரும்பாலும் வேறு உயிரிகளின் வேக எண்களையே இரவல் வாங்குகிறார்கள்.

எண்ணெயின் அளவை விட்டு அதன் தன்மையைக் கேட்டால் மாதிரி இன்னும் பலவீனம். கொழுப்பமிலங்களின் விகிதம் பெரும்பாலும் நாமே உள்ளே எழுதிக்கொடுப்பது; எழுதியதையே திரும்பப் பெற்றுக் கணித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மார்ட்டியெரெல்லா ஆல்பைனாவின் 1எஸ்-4 வகையைக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் குளிர்ந்த நிலையில் வளர்த்தபோது, அராக்கிடோனிக் அமிலத்தோடு அடுத்த இரட்டைப்பிணைப்பும் விழுந்து இபிஏ என்ற ஒமேகா 3 அமிலமும் உண்டானது. பேரேட்டில் வெப்பநிலை என்று ஒரு பத்தியே கிடையாது. அந்த வினை அங்கே எழுதப்பட்டிருக்கும், அது எப்போது விழித்துக்கொள்ளும் என்பது எழுதப்பட்டிருக்காது.

ஆய்வகம் இல்லாத நிலையில் என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன். எண்ணெயை இரட்டிப்பாக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தேன் என்று ஆய்வேடு எழுதாதீர்கள்; கேள்வி கேட்பவர் ஒருவர் இருந்தாலும் தாங்காது. மாறாக, யாரோவியாவுக்கு வெளிவந்திருக்கும் மாதிரிகளில் இரண்டு மூன்றை எடுத்து, ஒரே நிபந்தனையில், எண்ணெயின் உச்சவரம்பு ஒவ்வொன்றிலும் எவ்வளவு, என்ஏடிபிஎச் ஒவ்வொன்றிலும் எந்த வினையிலிருந்து வருகிறது, அந்த வினையை மூடினால் உச்சவரம்பு எவ்வளவு இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு 2015-ஆம் ஆண்டின் கார்பன் 13 அளவீடுகளைக் கட்டுப்பாடுகளாகப் புகுத்தி, எந்த மாதிரி முரண்படாமல் நிற்கிறது என்று பாருங்கள். அளந்தவர் வேறொருவராக இருந்தாலும் அளவீடு அளவீடுதான். அதை உங்கள் கணக்கோடு மோதவிடுவதற்கு நொதிப்புக்கலன் தேவையில்லை, ஒரு சாதாரண மடிக்கணினியும் இலவசமாகக் கிடைக்கும் தீர்ப்பானும் போதும். முதுகலை ஆய்வேட்டுக்கு இது சிறிய வேலையன்று.

தொடங்குவதற்கு முன், உங்கள் கோப்பில் மாலிக் நொதியின் வரியையும், இரண்டு குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ் வரிகளையும், ஏடிபி சிட்ரேட் லையேஸ் வரியையும் அவற்றின் இருபக்க வரம்புகளோடு அப்படியே எடுத்து எழுதுங்கள். எண்ணெயைப் பெருமமாக்கினால் வரும் எண்ணையும் கூடவே எழுதுங்கள். அது 0.28-ஐ ஒட்டி இருக்கிறதா, 0.32-ஐ ஒட்டி இருக்கிறதா, அதற்கும் மேலா என்று தெரிந்தால், அடுத்து எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.